இருபதாவது துணி

சிஸ்டர் எண்ணி முடிக்கும்வரை யாரும் வயிற்றைத் தைக்க முடியாது. பெரிய டாக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நூல் கோத்த ஊசி சிஸ்டரின் கையில் தயாராக இருக்கும். ஆனால் கொடுக்க மாட்டார். மூக்கை மூடிய துணிக்குள்ளிருந்து "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று குரல் மட்டும் வரும். இருபது வந்தால்தான் கை நீளும். பத்தொன்பதில் நின்றுவிட்டால் மகாராஜாவே வந்து கேட்டாலும் ஊசி கிடைக்காது.

நான் அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஆயா. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு ஓட்டலில் தோசைக்கல்லின் முன்னால் நின்றார், நான் இங்கே ரத்தத்தின் முன்னால் நின்றேன். சாயங்காலம் வீட்டில் சேர்ந்தால் அவர் மேல் சாம்பார் வாசம், என் மேல் டெட்டால் வாசம். அப்படியும் மூன்று பிள்ளைகள் பிறந்ததைப் பெரிய விஷயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிஸ்டர் எண்ணியது துணியை. கை அகலத்துக்கு நாலு மடிப்பாகத் தைத்த வெள்ளைத் துணி, மூலையில் நாடாவால் ஒரு வால். வயிற்றைத் திறந்ததும் ரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கி வைக்கவும் இதைத்தான் உள்ளே வைப்பார்கள். இந்தக் காலம் மாதிரி ஒரு தடவை வைத்துவிட்டுத் தூக்கி எறிகிற வசதி அப்போது இல்லை. நான் துவைத்து, வேகவைத்து, கொடியில் உலர்த்தி, மடித்து, பத்துப் பத்தாகக் கட்டித் தகர டிரம்மில் அடுக்குவேன். முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் துணியைக் கல்யாணம் செய்துகொண்டுவிடும், அப்புறம் எந்தக் கோர்ட்டாலும் பிரிக்க முடியாது.

ஒரு கேஸுக்கு இருபது துணி. திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் எண்ணுவார், மூடுவதற்கு முன்னால் ஒரு தரம். நனைந்த துணியை நான் இரும்புக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். தரையில் விழுந்த துணியும் கம்பிக்குத்தான் போக வேண்டும். எண்ணி முடியும்வரை தியேட்டரிலிருந்து ஒரு நூல்கூட வெளியே போகக் கூடாது என்பது சிஸ்டரின் சட்டம்.

ஒரு தரம் பத்தொன்பதில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் சின்ன டாக்டர் காலைத் தூக்கியபோது செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. "சார் வீட்டம்மாவுக்குக் கொண்டுபோகப் பாத்தாருல்லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், பெரிய டாக்டர்கூட. சிஸ்டர் சிரிக்கவில்லை. "இருபது" என்று சொல்லி ஊசியை நீட்டினார். பிறகு சாயா குடிக்கும்போது, பருப்புவடையைக் கையில் வைத்துக்கொண்டு, நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தார். சிரிப்பதற்கும் அவருக்கு ஒரு வரிசை உண்டு, வேலை முடிந்து கை கழுவிய பிறகுதான்.

சிஸ்டர் களியக்காவிளைப் பக்கம் ஏதோ ஒரு ஊர்க்காரர். எல்லைக் கோடு அவர்கள் வீட்டு அடுக்களை வழியாகப் போகிறது என்று நான் கேலி செய்வேன், பேச்சு அப்படி. சமைப்பது தமிழில், சாப்பிடுவது மலையாளத்தில். வேதக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவார். சர்ச்சில் பாட்டுப் பாடும்போது எத்தனை வரி மிச்சம் என்று எண்ணுவார். ஒரு நாள் கேட்டேன், "சிஸ்டர், இந்த எண்ணுத சீக்கு உங்களுக்கு எப்ப வந்துது?"

"படிக்கும்போ" என்றார். "ஒருத்தி வந்தா. ஆபரேஷன் கழிஞ்சு மூணு மாசம். வயித்தத் திறந்தப்போ..." அத்தோடு நிறுத்திவிட்டார். "அந்த மணம் இப்பளும் உண்டு" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அவர் எண்ணுவதற்குப் பெயர் வாங்கினார் என்றால் நான் பொய்க்குப் பெயர் வாங்கினேன். அந்த ஊரில் அதைப் புளு என்பார்கள். தீமை ஒன்றுமில்லாத புளுதான். கை கழுவுகிற தொட்டியின் மேல் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பேய் வந்து உட்காருகிறது, நான் கண்ணால் பார்த்தேன் என்று நர்சிங் படிக்கிற பிள்ளைகளிடம் சத்தியம் செய்தேன். ஒரு மாதம் அந்தப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை ஜோடி ஜோடியாகத்தான் கை கழுவ வந்தார்கள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று கேன்டீன்காரனிடம் சொன்னேன். ஒரு வாரம் சாயாவில் பால் இருந்தது.

"நீ பத்து பறஞ்சா நான் நாலுதான் எடுப்பேன், கேட்டோ" என்பார் சிஸ்டர்.

"நாலு எடுக்கியளே, அதுவே எனக்குப் பெரிசு" என்பேன்.

ஆனால் துணி விஷயத்தில் மட்டும் நான் விளையாடியதில்லை. அது சிஸ்டருக்கும் தெரியும். கம்பியில் எத்தனை என்று அவர் கேட்டு நான் சொன்னால் முழுசாக எடுத்துக்கொள்வார். அந்த ஒரு இடத்தில்தான் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. அங்கேதான் நான் அவரைக் கொண்டுபோய்த் தள்ளினேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவளிடம்தான் பேசிக்கொண்டிருப்பேன். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தியேட்டருக்குள் தள்ளுவண்டியில் நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"எட்டி, வயித்துக்குள்ள தேங்காய் அளவுக்கு இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றாள். "ஊருக்கெல்லாம் நான் வித்தேன். பிள்ளையார் பாத்துட்டு எனக்கு ஒண்ணு உள்ள வச்சிட்டாரு."

"நல்ல காயா, அழுகலான்னு நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்க்கா."

சிரித்துக்கொண்டேதான் மயக்கத்துக்குள் போனாள்.

மாதத் தூரத்துக்கு அன்றைக்கு எனக்கு நாள் இல்லை. பத்து நாள் முன்னதாக, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. அதுவும் அணை திறந்த மாதிரி. மாற்றுத் துணி என் பையில், பை வராந்தாவுக்கு அந்தப் பக்கம் உடை மாற்றுகிற அறையில். வயிறு திறந்திருக்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது. நான் காலை ஒட்டிக்கொண்டு நின்றேன். கணுக்கால் வரைக்கும் சூடாக இறங்கி வருவது தெரிந்தது. உள்ளே பெரிய டாக்டர், சின்ன டாக்டர், மயக்க டாக்டர், வாசலில் அட்டெண்டர், நாலு ஆண்கள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் தரையில் தெரிந்துவிடும்.

அப்போது ட்ராலியின் ஓரத்திலிருந்து ஒரு துணி நழுவித் தரையில் விழுந்தது. உலர்ந்த துணி, நான் துவைத்து மடித்த துணி. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி டாக்டருக்கு எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தரையில் விழுந்ததை இனி அக்காவுக்கு வைக்க மாட்டார்கள், யாருக்கும் உதவாத துணிதானே என்று எனக்குத் தோன்றியது. கம்பியில் போட வேண்டும் என்பது தோன்றவில்லை. தோன்றியதோ, தள்ளிவிட்டேனோ. வாளியை எடுக்கிற மாதிரி குனிந்து துணியையும் எடுத்துக்கொண்டு, அரைக்கதவைத் தள்ளித் தியேட்டரை ஒட்டின கழுவுகிற அறைக்குள் போனேன். வெளியே வரும்போது மனுஷியாக வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை ஆரம்பித்தது. பத்தொன்பதில் நின்றது.

திரும்ப எண்ணினார். பத்தொன்பது. கம்பியை நான் எண்ணிச் சொன்னேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கண் மட்டும்தான் தெரியும்.

"தாழெ ஏதும் விழுந்ததா?"

அவர் காதுக்கும் என் வாய்க்கும் மூன்றடி. போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் டாக்டரிடம் சொல்ல வேண்டும், டாக்டர் எங்கே என்று கேட்பார், எடுத்து வா என்பார்.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

நம்பினார். டாக்டரைப் பார்த்து, "அகத்துதான் இருக்கு, டாக்டர்" என்றார்.

பெரிய டாக்டர் அக்காவின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தேடினார். குடலை வெளியே எடுத்து, விரித்து, திரும்ப உள்ளே வைத்து, ஈரலுக்கு அடியில், முதுகுப் பக்கம் என்று தேடினார். இல்லாததை எங்கே தேடினாலும் கிடைக்காது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு பாதி சுற்றிவிட்டது. மயக்க டாக்டர் இரண்டு தரம் பிரஷர் இறங்குகிறது என்றார், மூன்றாவது தரம் மூடச் சொல்லிக் கெஞ்சினார்.

"சிஸ்டரே, ஊசி தா."

"எண்ணம் இருபது ஆகல்ல, டாக்டர்."

"அவ மேசையிலயே போயிருவா. தா."

சிஸ்டர் கொடுக்கவில்லை. பெரிய டாக்டர் கையை நீட்டி ட்ராலியிலிருந்து தானே எடுத்துத் தைத்தார். தியேட்டர் ரிஜிஸ்டரில் சிஸ்டர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்று குறைவு.

நான் அன்று மத்தியானமே அந்தத் துணியை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற எரிகுழியில் போட்டுவிட்டேன். பழைய கட்டுத் துணியெல்லாம் புகைந்துகொண்டிருந்தது. அதோடு அதுவும் புகைந்தது. எரிந்து தீரும்வரை நின்று பார்த்தேன்.

நாலாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். வயிறு உப்பியது. வார்டு முழுக்க ஒரே பேச்சு, தேங்காய்க்காரி வயிற்றில் துணியை வைத்துத் தைத்துவிட்டார்களாம். எக்ஸ்ரேயில் துணி தெரியாது என்றார்கள். திங்கட்கிழமை மறுபடி திறப்பது என்று முடிவு செய்தார்கள். மயக்க டாக்டர் வராந்தாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொரு தரம் இவள் மேசையிலிருந்து எழுந்திருக்க மாட்டாள் என்று. அதை நான் கேட்டேன். அக்காவும் எப்படியோ கேட்டுவிட்டாள்.

"எட்டி, திங்கக்கிழமை வரைக்கும்தான்" என்றாள். உதடு வெடித்திருந்தது. "கடைச் சாக்கெல்லாம் நனையாம எடுத்து வைக்கச் சொல்லு."

சனிக்கிழமை மத்தியானம் துணி மடிக்கிற மேசைக்கு முன்னால் சிஸ்டரிடம் சொன்னேன்.

"சிஸ்டர், அக்கா வயித்துல துணி இல்ல."

எண்ணிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "நினக்கு எப்படி அறியாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாள் முந்தியது, கால் நனைந்தது, துணி விழுந்தது, குனிந்தது. சொல்லி முடித்தபோது அவர் கை நின்றிருந்தது.

"அது எங்கே?"

"எரிகுழியில போட்டுட்டேன்."

"ஓ. அதுவும் இல்லே." என்னை மேலும் கீழும் பார்த்தார். "திறந்தா அவ சாவான்னு டாக்டர் பறஞ்சது நீ கேட்டே. அவ உன் ஊர்க்காரி. அதுக்கு வேண்டி ஒரு புளு உண்டாக்கிக்கிட்டு வந்திருக்கே."

"சத்தியமா இல்ல சிஸ்டர். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"செவ்வாய்க்கிழமைப் பேயும் நீ சத்தியம் பண்ணினதுதான்."

எனக்கு அழுகை வந்தது. அழுதாலும் அது ஒரு ஆட்டம் என்று நினைப்பார் என்று தெரிந்தது, அதனால் அடக்கிக்கொண்டேன். அடக்கியதும் ஆட்டம் போலத்தான் இருந்திருக்கும்.

"அன்னு நான் கேட்டேனே" என்றார். "தாழெ விழுந்ததான்னு கேட்டேனே. எதுக்குச் சொல்லல்ல?"

"நாலு ஆம்பிளைங்க நின்னாங்க, சிஸ்டர்."

அவர் ஒரு துணியை எடுத்து மடித்தார். வாலை உள்ளே செருகினார்.

"அவளும் அங்கதான் கிடந்தா. அந்த நாலு பேருக்கு முன்னால. மேல உடுதுணி இல்லாம, வயித்தத் திறந்து வச்சுக்கிட்டு." துணியை அடுக்கில் வைத்தார். "வெக்கம் உனக்கு."



"பெரிய டாக்டர்கிட்ட நானே வந்து சொல்லுதேன்" என்றேன்.

"நீ சொன்னா அவர் கத்தியத் தாழெ வைப்பாரா? நானே நம்பல்ல. என் கை எழுதினா வைப்பார்." ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார். பிறகு இரண்டு வரி எழுதினார்.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "என்ன எழுதினிய, சிஸ்டர்?"

"ஆதியிலேயே பத்தொம்பதுதான் இருந்தது, நான் இருபதுன்னு தப்பா எண்ணிட்டேன்னு எழுதினேன்." பேனாவை மூடினார். "இனி நீ சொன்னது நிஜமா இருக்கணும், பெண்ணே. இருந்தே ஆகணும்."

திங்கட்கிழமை பெரிய டாக்டர் ரிஜிஸ்டரை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். "இருபது வருஷமா எண்ணுது. இருபது வரை எண்ணத் தெரியல்ல, இல்லே சிஸ்டரே?" என்றார். மாணவிகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர், "தெற்றுதான், டாக்டர், என் தப்புதான்" என்றார்.

அக்காவைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் தையலின் ஓரத்தில் ஒரு இடம் உடைந்து சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. ஒரு மாதத்தில் எழுந்து பழவங்காடிக்குப் போய்விட்டாள். சிஸ்டரைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முதலில் ஊசி போடுகிற அறை. கண்ணாடிச் சிரிஞ்சை வேகவைத்து, வரிசையில் நிற்கிற சனத்துக்குக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் இல்லாமல் வெளி வேலை. குடையும் பையுமாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற குடிசைகளுக்குப் போவார். பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து, வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்குச் சத்து மாத்திரை, குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு. வெட்கப்படுகிற பெண்களிடம் நன்றாகப் பேசுவாராம். புருஷனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பாராம்.

எண்ணுவதை விடவில்லை. ஆனால் சத்தம் போட்டு எண்ணுவதை விட்டுவிட்டார். உதடு மட்டும் அசையும். தியேட்டரில் புதிதாக வந்த சிஸ்டர் நல்லவள்தான், அவளும் எண்ணினாள். அவள் எண்ணும்போது பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் எனக்கு மூச்சு நின்றுவிடும். யாருக்கும் தெரியாது.

மாதத்துக்கு ஒரு தரம் சிஸ்டர் பழவங்காடிக்கு வருவார். தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்து, அக்காவின் முந்தானைக்கு அடியில் கையை விட்டு வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். காய்ச்சல் உண்டா, வயிறு போகிறதா, வாந்தி உண்டா. பக்கத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைந்துகொண்டே இருக்கும்.

"சிஸ்டரு வந்து வயித்தத் தடவிட்டுப் போறதப் பாத்து, நான் உண்டாகியிருக்கேன்னு சனம் பேசுது" என்று அக்கா என்னிடம் சிரித்தாள். "என் துணி எப்படி இருக்குன்னு பாக்க வாரா, பாவம்."

வார்டுப் பேச்சு அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான். தனக்குள் துணி இருக்கிறது என்றே இருந்துவிட்டாள். மழை பெய்தால் துணி நனைகிறது என்பாள். சாப்பாடு செரிக்காவிட்டால் துணி புரளுகிறது என்பாள். ஒரு நாள் நான் உண்மையைச் சொன்னேன். "அக்கா, அந்தத் துணிய நான்தான் எடுத்தேன். உன் வயித்துல ஒரு மண்ணும் இல்ல."

"போ, எட்டி" என்றாள். "நீ சொல்லுததக் கேட்டு நான் எந்தக் காரியத்த நம்பியிருக்கேன்?"

சிஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில், ஒரு தரம் சாவு வீட்டில். "பிள்ளைகள் சுகமா?" என்பார். பிறகு குரலை இறக்கி, "அது நிஜம்தானே?" என்பார். "நிஜம், சிஸ்டர்" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். இப்படிப் பல வருஷம். கேட்பவருக்கும் சலிக்கவில்லை, சொல்கிறவளுக்குத்தான் சலித்தது.

என் மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். தம்பானூரில் சாயாக்கடையில் சிஸ்டரைப் பார்த்தேன். எனக்கு அன்று கால் தரையில் இல்லை. மாப்பிள்ளையின் காது இரண்டும் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினேன். சிஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அது நிஜம்தானே?"

"இல்ல சிஸ்டர்" என்றேன். "புளு."

எதற்குச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் சிரிப்பு இருந்தது, அதன் பின்னாலேயே இதுவும் வந்துவிட்டது. தும்மல் வருகிற மாதிரி.

சாயா கிளாஸ் அவர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"ஐயோ, சிஸ்டர், விளையாட்டுக்குச் சொன்னேன்."

"எது விளையாட்டு?" என்றார். கோபமே இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார். "அன்னு சொன்னதா, இப்ப சொன்னதா?"

"இப்ப சொன்னதுதான். சத்தியமா." சத்தியம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் நானே அதைத் திரும்ப விழுங்கப் பார்த்தேன்.

கிளாஸைப் பாதிச் சாயாவோடு பெஞ்சில் வைத்தார். எழுந்து, பழவங்காடிப் பக்கம் நடந்தார். அவர் உதடு அசைவதை ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

அதற்குப் பிறகு பழவங்காடிக்கு வாரத்துக்கு ஒரு தரம் வந்தார், வியாழக்கிழமை. வேறு டாக்டரிடம் காட்டலாம், நான் கூடவே வருகிறேன் என்று அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா மசியவில்லை. "இருந்தா இருக்கட்டும், சிஸ்டர். இத்தன வருஷம் கூடவே இருந்துட்டு. சோறா கேக்குது?" என்றாளாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் வியாழக்கிழமை பஸ் ஏறி வந்தார். ரெண்டு பஸ் மாற வேண்டும். மழையிலும் வந்தார். என்னைப் பார்த்தால் இப்போது எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகள் சுகமா என்பதோடு நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சலித்தது. கேட்காமல் விட்ட பிறகு, அவர் போன வழியைப் பார்த்து நடுத்தெருவில் நின்று "நிஜம், நிஜம்" என்று முணுமுணுத்திருக்கிறேன்.

படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஊருக்குப் போனேன். தம்பி வீட்டில் ஒரு அறை. ஜன்னலில் வெயில். துவைத்த வெள்ளைப் புடவையில் சின்னதாகக் கிடந்தார். என்னைத் தெரிந்தது.

"சிஸ்டர்" என்றேன். அவர் கேட்காமலே சொன்னேன். "அது நிஜம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓ" என்றார். குழந்தை ஒன்று, யானை பார்த்தேன் என்று வந்து சொன்னால் சொல்வோமே, அந்த ஓ. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது. காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. எத்தனையில் நின்றது என்று எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை நான் பழவங்காடிக்குப் போனேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தாள். சாக்கில் நகர்ந்து இடம் விட்டாள், நான் உட்கார்ந்தேன். கேட்காமலே, என் கையைப் பிடித்து முந்தானைக்கு அடியில் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கா?"

"இல்லக்கா. அங்க ஒண்ணும் இல்ல."

"அவளும் இதத்தான் சொல்லுவா" என்றாள். "ஆனா சொன்ன பொறகும் கைய எடுக்க மாட்டா."

தோல் சூடாக இருந்தது. தழும்பு விரலில் நெருடியது. என் கையால் எடுத்த துணி, என் கையால் குழியில் போட்ட துணி, எரிந்து தீரும்வரை நின்று பார்த்த துணி. கையை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரல்கள் தம் பாட்டுக்குக் கீழே இறங்கி, தழும்பின் ஓரமாக, கொஞ்சம் அழுத்தி, தேட ஆரம்பித்தன.